லினக்ஸ் செஞ்சவரு இத ஏன் சும்மா குடுத்தாரு? கடை கம்ப்யூட்டர்ல மக போட்டு வச்சிருக்கா, பயமா இருக்கு

தக்கலை ஜெராக்ஸ் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம், தப்பான இடத்துல கேக்கேனான்னு தெரியல, தப்புன்னா எடுத்துருங்க.

எனக்கு தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் வேலையும் உண்டு, பட்டா எடுத்து குடுக்கது, இபி பில்லு, பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணுகது, இப்படி. ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டும் கெழடு. 2025 அக்டோபரோட விண்டோஸ் 10க்கு அப்டேட் கெடையாதுன்னு ஸ்கிரீன்ல வந்துட்டே இருந்துச்சு, சர்வீஸ் பாக்க பையன்ட்ட கேட்டா இந்த மெஷின்ல 11 ஏறாது புதுசு தான் வாங்கணும்னுட்டான், ஒண்ணுக்கே 35 ஆயிரம் கிட்ட ஆகும்னு கணக்கு வேற சொன்னான், நான் எங்க போவேன்.

மக பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். போன ஞாயித்துக்கெழம ஒரு பென் டிரைவோட கடைக்கு வந்தா, எம்மா நீ ஒண்ணும் பேசாதன்னு சொல்லிட்டு ஒரு மெஷின்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்டுன்னு ஒண்ண போட்டுட்டா. சத்தியமா சொல்லுகேன், முன்ன சுவிட்சப் போட்டுட்டு போய் சாயா குடிச்சிட்டு வந்தா தான் திறந்திருக்கும், இப்ப சாயா ஆத்துகதுக்குள்ள திறந்துடுகு. எவ்ளவு பிள்ளே ஆச்சுன்னு கேட்டேன். ஒரு பைசா இல்ல, சும்மா தான்னுட்டா.

அங்க தான் எனக்கு ஒறக்கம் போச்சு. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஆரு இத செஞ்சது, எதுக்கு சும்மா தாறாரு, அவருக்கு பொழப்பு எப்படி ஓடுகு? நாளைக்கு திடீர்னு காசு கேட்டா என்ன செய்ய? சனங்க ஆதார் நம்பர், பேங்கு நம்பர் எல்லாம் இதுல தான் அடிக்கேன், எங்கயாச்சும் போயிருமா? மகட்ட கேட்டா எல்லாத்துக்கும் சிரிக்கா. தெரிஞ்சவங்க கொஞ்சம் புரியுத மாதிரி சொல்லுங்க.

கோட்டாறு சர்வீஸ் அண்ணன்:

அக்கா மொதல்ல மகளுக்கு ஒரு ரசவடை வாங்கி குடுங்க, 35 ஆயிரம் மிச்சம் பண்ணி தந்திருக்கா.

நான் 2003ல இருந்து நாகர்கோவில்ல சர்வீஸ் பாக்குகேன், கொஞ்சம் நீளமா தான் வரும், கடையில ஆளில்லாத நேரம் படிங்க.

செஞ்சவரு பேரு லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டுல ஹெல்சின்கில 1969ல பொறந்தவரு. அங்க ஊரெல்லாம் பின்னிஷ் பேசும், இவங்க வீட்டுல ஸ்வீடிஷ், அதாவது 1956க்கு முன்ன நம்ம ஆளுக திருவிதாங்கூர் கொச்சிக்குள்ள தமிழ் பேசிட்டு கெடந்த மாதிரின்னு வச்சுக்கிடுங்க (அங்க சண்டை ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு கணக்குக்கு சொல்லுகேன்). தாத்தா புள்ளியியல் புரொபசர், அவரு வாங்குன ஒரு விக் 20 கம்ப்யூட்டர்ல தான் பேரன் புரோகிராம் படிச்சது.

1991 ஜனவரில காலேஜ் பையனா இருக்கும்போ தவணைக்கு ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்குகாரு. அதுல டானன்பாம்னு ஒரு புரொபசர் பாடம் நடத்துகதுக்காக எழுதின மினிக்ஸ்ங்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்த (விண்டோஸ் மாதிரி, மெஷின ஓட்டுக அடிப்படை மென்பொருள்) போட்டாரு. அவருக்கு வேண்டியது என்னன்னா வீட்டுல இருந்தே போன் லைன்ல மோடம் வழியா யுனிவர்சிட்டி கம்ப்யூட்டருக்குள்ள போகணும், அதுக்கு மினிக்ஸ்ல இருந்த புரோகிராம் சரியில்லன்னு தானே ஒண்ணு எழுத உக்காந்தாரு. மொதல்ல செஞ்சது என்ன தெரியுமா, ரெண்டு வேலைய ஒரே நேரத்துல ஓட விட்டு, ஒண்ணு ஸ்கிரீன்ல ஏ ஏ ஏன்னு அடிக்கும், இன்னொண்ணு பி பி பின்னு அடிக்கும், ரெண்டும் மாறி மாறி வரணும். அவ்ளவு தான். அப்புறம் டவுன்லோடு பண்ணினத சேமிக்கணும்னு டிஸ்க்ல எழுதுகதுக்கு ஒண்ணு, ஃபைல் வைக்கதுக்கு ஒண்ணுன்னு சேத்து சேத்து போனதுல ஒரு நாள் பாத்தா அது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆயி நிக்கு. ஒரு ரூம் எடுக்கப் போய் மாடி வரைக்கும் கட்டிட்ட கதை.

1991 ஆகஸ்ட் 25ல மினிக்ஸ் காரங்க ஆன்லைன்ல கூடுற இடத்துல ஒரு கடுதாசி போட்டாரு, நான் ஒரு இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்யுகேன், பொழுதுபோக்கு தான், பெருசா ஒண்ணும் வராதுன்னு. செப்டம்பர்ல 0.01 வெளியில வந்துச்சு, சுமார் 10,000 வரி புரோகிராம். இன்னைக்கு 3 கோடி வரிக்கு மேல. பெருசா வராதுன்னு சொன்ன வாய்க்கு சீனி போடணும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ஒரு எசகுபிசகு. மோடத்துக்கு டயல் பண்ணுகோம்னு நெனச்சு தப்பா ஹார்டு டிஸ்க்குக்கே டயல் கட்டளைய அனுப்பிட்டாரு, மினிக்ஸ் இருந்த பாகம் காலி. நாம மாதிரி ஆளுன்னா தலையில கைய வச்சிட்டு பேக்கப் தேடுவோம். இவரு திரும்ப மினிக்ஸ் போடல, நம்ம கைச்சரக்கே போதும்னு முழுசா லினக்ஸுக்கு மாறிட்டாரு. என் கடைக்கு டேட்டா போச்சுன்னு அழுதுட்டு வாறவங்ககிட்ட இந்த கதைய சொல்லுவேன், ஒருத்தருக்கும் இதுவரைக்கும் சிரிப்பு வரல.

பேரும் அவரு வச்சதில்ல. ஃப்ரீக்ஸ்னு வைக்கணும்னு இருந்தாரு, சர்வர்ல எடம் குடுத்த கூட்டுக்காரன் ஆரி லெம்கேக்கு அது பிடிக்கல, ஃபோல்டருக்கு லினக்ஸ்னு பேர எழுதிட்டான்.

இனி உங்க கேள்வி. காசு கேப்பாரான்னா, கேக்க முடியாதுக்கா. 1992ல ஜிபிஎல்ங்க லைசென்சுக்கு மாத்திட்டாரு. ஆரு வேணும்னாலும் எடுக்கலாம், பாக்கலாம், திருத்தலாம், விக்கலாம் கூட, ஆனா திருத்தினத அடுத்தவனுக்கு குடுத்தா அதோட எழுத்தையும் (புரோகிராமா எழுதின வரிகள, சோர்ஸ் கோடுன்னு சொல்லுவாங்க) சேத்து குடுக்கணும், பூட்டி வைக்க கூடாது. குடுத்தது குடுத்தது தான். பின்ன இதுல ஆயிரக்கணக்கான பேரு எழுதி சேத்திருக்காங்க, அவங்கவங்க எழுதினது அவங்கவங்க பேர்ல இருக்கு, லினஸே நெனச்சாலும் தனியா திரும்ப வாங்க ஒக்காது. டேட்டா எங்கயும் போகுதான்னு பயம்னா, உள்ள என்ன எழுதிருக்குன்னு உலகத்துல எவனும் திறந்து பாக்கலாம், அது பூட்டி வச்சிருக்கதுக்கு மேல இல்லையா. ஆனா பாஸ்வேர்ட மானிட்டர்ல பேப்பர்ல எழுதி ஒட்டி வச்சா லினக்ஸ் ஒண்ணும் செய்யாது, அத கிழிங்க மொதல்ல (எல்லா கடையிலயும் பாத்திருக்கேன்).

பொழப்பு எப்படின்னா, ஆரம்பத்துல காசு தரட்டான்னு கேட்டவங்ககிட்ட காசு வேண்டாம் உங்க ஊரு போஸ்ட் கார்டு அனுப்புங்கன்னாராம். 1997ல அமெரிக்காவுக்கு போய் ஒரு சிப் கம்பெனில வேலை பாத்தாரு. லினக்ஸ வச்சு யாவாரம் பண்ணின கம்பெனிகள் நன்றிக்கு ஷேர் குடுத்துச்சு, அது 1999ல நல்ல வெல போச்சு. இப்ப லினக்ஸ் ஃபவுண்டேஷன் சம்பளம் குடுக்கு, அதுக்கு காசு போடுகது பெரிய பெரிய கம்பெனிக, அவங்க சர்வர் எல்லாம் இதுல ஓடுகுல்லா. ஆளு பட்டினி இல்ல.

லினக்ஸ உள்ள வச்சு மின்ட்டுன்னு கட்டி குடுக்கது வேற ஆளுக, க்ளெமென்ட் லெஃபெவ்ர்னு ஒருத்தரு 2006ல தொடங்கினது, நன்கொடையும் ஸ்பான்சரும் வச்சு ஓடுகு.

குலசேகரம் டிடிபி:

எல்லாம் கொள்ளாம், கதை நல்லா இருக்கு, கடை வச்சிருக்கவனுக்கு கதை போதாது.

நானும் 3 மாசம் லினக்ஸ் போட்டு பாத்தவன் தான். கைரேகை மெஷின் எனக்கு அதுல எடுக்கவே இல்ல, பெரியவங்க வந்து விரல வச்சிட்டு நிப்பாங்க, நான் டிரைவர் (அந்த மெஷின கம்ப்யூட்டரோட பேச வைக்க மென்பொருள்) தேடிட்டு இருப்பேன். பத்திரிகை டிசைன் எல்லாம் பேஜ்மேக்கர்ல 15 வருஷமா கெடக்கு, தமிழ் முழுக்க பாமினி ஃபான்ட்டு, அத திறக்க வழியில்ல. கஸ்டமர் கொண்டு வாற ஃபைல் வானவில் ஃபான்ட்டுல அடிச்சிருக்கும், திறந்தா கோழி கிண்டின மாதிரி இங்கிலீஷ் எழுத்தா வரும். சவத்த எடுத்து தூர போட்டுட்டு பழசுக்கே போயிட்டேன்.

ஓசில கெடச்சா பினாயிலயும் குடிப்பானுவங்க மாதிரி சும்மான்னு சொன்னதும் போட்டுறாதீங்க அக்கா. ஒரு மெஷின்ல விண்டோஸ் இருக்கட்டு.

களியக்காவிளை டீச்சர்:

டிடிபி அண்ணன் சொல்லுகது அனுபவம், அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாமினி பிரச்சினை லினக்ஸ் பிரச்சினை இல்லையே அண்ணா, அது யூனிகோடுக்கு (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியுத பொது எழுத்து முறைக்கு) மாறாத பிரச்சினை, போன்ல அனுப்பினாலும் அதே கோழி கிண்டல் தானே வரும். மாத்தி குடுக்க கன்வெர்ட்டர் இருக்கு. புதுசா அடிக்கதுக்கு தமிழ்99 கீபோர்டு மின்ட்டுல கெடைக்கும், அக்கா மகளுக்கு தெரிஞ்சிருக்கும். 2012ல இருந்து கணியம்னு ஒரு கூட்டம் இந்த விஷயமெல்லாம் தமிழ்லயே எழுதிட்டு இருக்கு, அங்க பாருங்க.

எனக்கு சண்டை சர்வீஸ் அண்ணன்கிட்ட தான். இவ்ளவு நீளம் எழுதிட்டு ரிச்சர்ட் ஸ்டால்மேன் பேர ஒரு இடத்துல கூட சொல்லலியே?

ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு இந்த கதை தான் சட்டுனு பிடிபடும். அமெரிக்காவுல எம்ஐடின்னு பெரிய யுனிவர்சிட்டி, அங்க லேப்ல ஒரு பிரிண்டர், அடிக்கடி பேப்பர் ஜாம். பிரிண்டர் ஒரு மாடியில, ஆளுக இன்னொரு மாடியில. பிரிண்ட் குடுத்துட்டு எறங்கி போய் பாத்தா முதல் பேப்பரே மாட்டிட்டு நிக்கும், பின்னால 10 பேரோட வேலை கெடக்கும். ஸ்டால்மேன் அதோட புரோகிராம திறந்து, ஜாம் ஆச்சுன்னா காத்திருக்கவங்க ஸ்கிரீன்ல போய் சேதி சொல்லுத மாதிரி திருத்தினாரு. அப்புறம் ஜெராக்ஸ் கம்பெனி புது லேசர் பிரிண்டர் ஒண்ணு சும்மா குடுத்துச்சு. அதுவும் ஜாம் ஆகும். திருத்தலாம்னா எழுத்த தரல. வேற யுனிவர்சிட்டில அந்த எழுத்த வச்சிருந்தவர நேர்ல போய் கேட்டாரு, தர மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்னு அவரு சொல்லிட்டாரு. உங்க கடை மெஷின உங்களுக்கே திறக்க விடல, ஜாம் எடுக்கவும் விடலன்னா எப்படி இருக்கும்? அந்த வயித்தெரிச்சல் தான் ஆரம்பம்.

1983 செப்டம்பர்ல ஜிஎன்யூன்னு ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்த எல்லாருக்கும் சுதந்திரமா செய்யப் போறேன்னு அறிவிச்சாரு, அடுத்த வருஷம் வேலைய விட்டாரு. சர்வீஸ் அண்ணன் பெருமையா சொன்ன ஜிபிஎல் லைசென்சு 1989ல இவரு எழுதினது தான், லினஸ் எடுத்து போட்டுக்கிட்டாரு. லினஸ் தன் புரோகிராம கம்ப்யூட்டருக்கு புரியுத மாதிரி மாத்த பயன்படுத்தின ஜிசிசியும் இவங்க செஞ்சது. 1991 ஆகும்போ ஜிஎன்யூல எல்லாம் இருந்துச்சு, நடுவுல கெர்னல் (மெஷினயும் மத்த புரோகிராமையும் இணைக்க உள் பாகம்) மட்டும் முடியல. அந்த ஓட்டைல தான் லினக்ஸ் வந்து உக்காந்துச்சு. அதனால தான் நாங்க ஜிஎன்யூ லினக்ஸ்னு சொல்லணும்னு சொல்லுகோம். இவருக்கு சும்மாங்கது முக்கியமே இல்ல, சுதந்திரம் தான் முக்கியம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஃப்ரீன்னு ஒரே சொல்லு, அதுல அவரு வருஷக்கணக்கா விளக்கம் சொல்லிட்டே இருக்காரு. நமக்கு தமிழ்ல அந்த கஷ்டம் இல்ல.

நான் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல ஸ்கூல்ல பாடம் எடுக்கேன், வீடு இந்தப் பக்கம். 2001ல திருவனந்தபுரத்துல ஸ்டால்மேனோட ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அமைப்புக்கு இந்தியா கிளை தொடங்கினப்போ அவரே நேர்ல வந்தாரு, நம்ம வீட்டுல இருந்து ஒரு மணிக்கூர் பஸ் தூரம். அதுக்கு பிறகு அங்க கவர்மென்ட் ஸ்கூல் எல்லாம் மெல்ல மெல்ல லினக்ஸுக்கு மாறிச்சு, இப்ப 2 லட்சம் கம்ப்யூட்டருக்கு மேல இதுல தான் ஓடுகு. எட்டாங்கிளாஸ் பிள்ளை மலையாளத்துல மெனு பாத்து படம் வரையுது. அதே நேரம் 10 கிலோமீட்டர் இந்தப் பக்கம் வந்தா கத வேற. 2011ல தொடங்கின இலவச லேப்டாப்புல விண்டோஸோட நம்ம சென்னையில செஞ்ச பாஸ் லினக்ஸும் சேத்து தான் குடுத்தாங்க, எத்தன பேரு அத திறந்து பாத்தோம்? என் தம்பிக்கு கெடச்ச லேப்டாப்ப ஒரு கடையில குடுத்தோம், 200 ரூவா வாங்கிட்டு பாஸ அழிச்சு பாட்டு ஏத்தி தந்தாங்க. பிள்ளைகளுக்கு யாரும் சொல்லி குடுக்கல, அது தான் வித்தியாசம்.

கோட்டாறு சர்வீஸ் அண்ணன்:

டீச்சரே கும்பிடுகேன். அந்த 200 ரூவா கடை நான் இல்ல, ஆனா 2012, 13ல நானும் ஒருபாடு பாஸ அழிச்சிருக்கேன், மறைக்க என்ன இருக்கு. வாறவன் எல்லாம் அண்ணா இந்த ரெண்டாவது லைன எடுத்துருங்க ஆன் பண்ணும்போ குழப்பமா இருக்குன்னு தான் வருவான்.

ஸ்டால்மேன விட்டது தப்பு தான், ஒத்துக்கிடுகேன். ஆனா ஒண்ணு, ஸ்டால்மேன் கொள்கைக்காக செஞ்சாரு, லினஸ் சும்மா ஜாலிக்கு செஞ்சாரு, ஜாலிக்கு செஞ்சது தான் முடிஞ்சுது. அதுக்கு காரணம் அவரு மூளை மட்டுமில்ல, பாதி வெந்தத எடுத்து வெளியில வச்சிட்டாரு, ஆருக்கும் ருசி பாக்கலாம் உப்பு போடலாம்னு. அங்கங்க இருந்து தெரியாத ஆளுக திருத்தி அனுப்பினத வாங்கி சேத்தாரு. 1992 ஜனவரில அந்த டானன்பாம் புரொபசரே இது பழைய பாணி, என் ஸ்டூடன்டா இருந்தா நல்ல மார்க்கு கெடைக்காதுன்னு எல்லாரும் பாக்கவே எழுதினாரு, இவரு பதிலுக்கு கத்தினாரு, அப்புறம் கொஞ்சம் ஓவரா பேசிட்டேன்னு எறங்கியும் வந்தாரு.

வாய் மட்டும் லினஸுக்கு வாய்க்கா. தப்பா எழுதினவங்கள மெயில்ல கிழிச்சு தொங்க விடுவாரு, நல்ல ஆளுகளே மனசு விட்டு போயிருக்காங்க. 2018 செப்டம்பர்ல நான் நடந்துகிட்டது சரியில்லன்னு மன்னிப்பு கேட்டு கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்துட்டு வந்தாரு. அதையும் சொல்லணும்ல, கோயில் கட்டி கும்பிடுக ஆளு இல்ல.

இன்னொரு கூத்து, 2005ல இவங்க எழுத்த எல்லாம் ஒழுங்கா வச்சிருந்த ஒரு கம்பெனி மென்பொருளோட இலவச அனுமதி நின்னு போச்சு, இவரு 10 நாள் போல உக்காந்து அதே வேலைக்கு கிட்னு ஒண்ண எழுதிட்டாரு. இப்ப ஐடி கம்பெனில வேலை பாக்க பிள்ளைகள கேளுங்க, கிட் இல்லாம ஒரு நாள் போகாது. லினக்ஸ் இல்லைன்னா கூட அந்த ஒண்ணுக்கே ஆளு பேரு நிக்கும்.

டிடிபி அண்ணன் சொன்ன கைரேகை மெஷின் விஷயம் சரி தான்க்கா, அதுல நானும் தோத்திருக்கேன். அந்த வேலைக்கு ஒரு போன் இல்லன்னா ரெண்டாவது கம்ப்யூட்டர அப்படியே விடுங்க.

குளச்சல் வள்ளம்:

ஏ என்னடே, ஜிஎன்யூவா லினக்ஸான்னு ரெண்டு பேரும் மல்லு கட்டுதிய. வள்ளம் ஜிஎன்யூ, இஞ்சின் லினக்ஸ். இஞ்சின் இல்லாம வள்ளம் கரையில கெடக்கும், வள்ளம் இல்லாம இஞ்சின எங்க கொண்டு மாட்ட. முடிஞ்சுதா.

அக்கா நீங்க பயப்படுகதுல ஒரு தமாசு என்னன்னா உங்க கையில இருக்க போன் ஆண்ட்ராய்டு தானே? அதுக்கு உள்ளயும் லினக்ஸ் இஞ்சின் தான். இத்தன வருஷமா நீங்க அதுல தான் ஜிபே பண்ணுதிய. எங்க அப்பா படிப்பு 3ஆங்கிளாஸ், கடல்ல போகும்போ போன்ல ஜிபிஎஸ் பாத்து வலை போட்ட எடத்த குறிச்சு வைப்பாரு, பின்லாந்துக்காரன் இஞ்சின் தான் கூட போகுது. வீட்டு வைஃபை டப்பாவுலயும் பெரும்பாலும் அது தான். உலகத்துல முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்ல 2017ல இருந்து 500லயும் அது தான். செவ்வாய் கிரகத்துல 2021ல ஒரு சின்ன ஹெலிகாப்டர் பறந்துச்சுல்லா, அதுலயும்.

டீச்சருக்கு ஒரு குத்து: போன்ல இஞ்சின் மட்டும் தான் லினக்ஸ், வள்ளம் கூகுள் கட்டினது, ஜிஎன்யூ அங்க கெடையாது 😄

களியக்காவிளை டீச்சர்:

ஒத்துக்கிட்டேன் வள்ளம். ஆனா அந்த வள்ளத்த கூகுள் கட்டினதால தான் உங்க அப்பா எங்க வலை போடுகாருன்னு கூகுளுக்கும் தெரியும். ஸ்டால்மேன் எதுக்கு கத்துகாருன்னு இப்ப புரியுதா.

குளச்சல் வள்ளம்:

அய்யோ டீச்சர். மத்த வள்ளக்காரனுக்கு தெரியாம இருந்தா போதும்.

குலசேகரம் டிடிபி:

சரி டீச்சர் சொன்ன கன்வெர்ட்டர ஒரு பழைய பத்திரிகைல போட்டு பாத்தேன். 10க்கு 8 வரி சரியா வருகு, "ஸ்ரீ" வாற எடத்துல மட்டும் சொதப்புகு. பாக்கட்டு. பேஜ்மேக்கர விட மாட்டேன், அத மட்டும் கேக்காதீங்க.

தக்கலை ஜெராக்ஸ் அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா கடையில கூட்டம், இப்ப தான் முழுசா படிச்சேன். சர்வீஸ் தம்பி, மானிட்டர்ல ஒட்டின பேப்பர கிழிச்சிட்டேன், நீங்க எப்ப என் கடைக்கு வந்தீங்கன்னு தான் யோசிக்கேன்.

அந்த பிரிண்டர் கதை எனக்கு நல்லா பிடிச்சுது டீச்சர். என் ஜெராக்ஸ் மெஷினும் மழைக்காலத்துல பேப்பர் ஈரம் தட்டி ஒரே ஜாம், கதவ திறந்து உருளைய கையால திருப்பி எடுப்பேன். வாங்கும்போ ஒருத்தன் இத நீங்க திறக்க கூடாது ஆள விளிக்கணும்னு சொன்னான், அவன் வாற வரைக்கும் கஸ்டமர் நிப்பாங்களா, மூணாவது நாளே திறந்துட்டேன். எனக்கு ஸ்டால்மேன் பக்கம் தான்.

மகட்ட ஏ பி கதைய சொன்னேன். அவளுக்கே அது தெரியல, எம்மா நீ எங்க படிச்சேன்னு கேக்கா! உடனே கருப்பு ஸ்கிரீன் ஒண்ண திறந்து என்னமோ ரெண்டு வரி அடிச்சு ஏயும் பியும் மாறி மாறி ஓட விட்டு காட்டினா. அந்த நேரம் பாத்து ஒரு பெரியவரு ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்து நின்னாரு, அவரும் கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, மெஷின் கெட்டு போச்சா மக்களேன்னு கேட்டுட்டு அடுத்த கடைக்கு போயிட்டாரு.

ரெண்டாவது கம்ப்யூட்டர அப்படியே வச்சிருக்கேன். ஒரு சந்தேகம், கல்யாண பத்திரிகைக்கு பிள்ளையார் படம், சிலுவை, பிறை எல்லாம் பழைய மெஷின்ல ஒரு ஃபோல்டர்ல கெடக்கு, அத இதுக்கு கொண்டு வந்தா திறக்குமா?

கோட்டாறு சர்வீஸ் அண்ணன்:

படமா இருந்தா திறக்கும்க்கா. கோரல் டிரா ஃபைலா இருந்தா மகளே தலைய சொறிவா, பென் டிரைவ்ல போட்டு கோட்டாறுக்கு கொண்டு வாங்க.